நூறு தோட்டாவில் பதினொன்று வெடிக்கவில்லை, குறை தோட்டாவிலா ரைஃபிளிலா?

கழுகுப்பார்வை:
எல்லோருக்கும் வணக்கம். .22 எல்.ஆர். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் (பின்புறத் தாழ்ப்பாளான போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் ரகம்) 50 மீட்டர் காகித இலக்கு சுடுகிறேன். ஆறு வருடமாக இதே ரைஃபிள்தான், இதுவரை பெரிய தொல்லை கொடுத்ததில்லை. புதிதாக 500 தோட்டா வாங்கினேன், 50 வீதம் பத்துப் பெட்டி, எல்லாம் ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி). முதல் இரண்டு பெட்டியிலேயே பதினொன்று 'டிக்' என்று ஓசை மட்டும் கொடுத்து அப்படியே நின்றுவிட்டன. அதில் மூன்றை மறுபடி போல்ட்டை ஏற்றி அடித்ததும் வெடித்தது, மற்ற எட்டையும் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். இது போக ஒன்று வழக்கமான சத்தம் இல்லாமல் நமத்துப்போன பட்டாசு மாதிரி புஸ்ஸென்று போனது. நான் அடுத்ததைப் போட்டுத் தொடர்ந்து சுட்டேன், பிறகு பார்த்தால் அந்தக் குண்டு இலக்கின் அடியோரத்தில் ஓட்டை போட்டிருக்கிறது. தொழிற்சாலைத் தோட்டாவே இப்படி இருந்தால் எதை நம்புவது? பெட்டியைத் திருப்பிக் கொடுக்கலாமா?

பழைய போல்ட்:
திருப்பிக் கொடுப்பது அப்புறம். அந்தப் 'புஸ்' விஷயத்தை முதலில் பேசுவோம் தம்பி, அதைப் படித்ததும் எனக்குப் பகீர் என்றது. சத்தமோ உதைப்போ குறைந்தால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வீங்கும், பிளக்கவும் செய்யும். உங்கள் குண்டு வெளியே போயிருக்கிறது, ஆனால் அது உங்களுக்குப் பிறகுதானே தெரிந்தது? இனி அப்படி ஒரு சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள், ரைஃபிளைக் காலி செய்யுங்கள், குழலுக்குள் கிளீனிங் ராடை விட்டு வழி திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த தோட்டா.

'டிக்' மட்டும் கேட்டால் உடனே போல்ட்டைத் திறக்கவும் கூடாது. சில தோட்டா தாமதமாக வெடிக்கும். போல்ட் திறந்திருக்கும்போது அது நடந்தால் பித்தளை உறை உங்கள் முகத்துக்குத்தான் வரும். முனையை இலக்குப் பக்கமே வைத்து குறைந்தது 30 வினாடி காத்திருங்கள். ஒரு நிமிடம் என்று விதி வைத்திருக்கும் ரேஞ்சும் உண்டு, அங்கே அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

மூன்றாவது லேன்:
அந்த எட்டையும் நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. .22-க்கு அடியின் நடுவில் பிரைமர் (தீப்பற்ற வைக்கும் சிறு மூடி) கிடையாது, அடி விளிம்பின் மடிப்புக்குள்தான் தீப்பற்றும் மருந்து. அதை ஈரமாக வைத்து, பித்தளை உறையைச் சுழற்றி விளிம்புக்குள் பரவ விடுவார்கள். சரியாகப் பரவாமல் ஓரிடம் வெறுமையாக இருந்து, ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) அங்கே அடித்தால் வெடிக்காது. ஊசி பதித்த தடம் ஆழமாக, ஓரம் கூர்மையாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் தோட்டாவைச் சந்தேகப்படுங்கள், அரைவட்டம் திருப்பிப் போட்டு அடித்தால் அதுவே பெரும்பாலும் வெடித்துவிடும். தடம் லேசாகத் தடவியது போல இருந்தால் தோட்டா மேல் பழி போடாதீர்கள், ரைஃபிளைப் பாருங்கள்.

இன்னொன்று, அந்த மூன்றும் இரண்டாவது அடியில் வெடித்தது எனக்கு உறுத்துகிறது. சேம்பரில், அதாவது குழலில் தோட்டா உட்காரும் இடத்தில், மெழுகும் ஈயமும் கரியும் சேர்ந்தால் தோட்டா முழுதாக உள்ளே உட்காராது. முதல் அடியின் வேகம் தோட்டாவை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துபோகும், இரண்டாவது அடிதான் விளிம்பை நசுக்கும். கடைசியாக போல்ட்டைப் பிரித்துச் சுத்தம் செய்தது எப்போது?

கழுகுப்பார்வை:
குழலை ஒவ்வொரு முறையும் துடைப்பேன். போல்ட்டைப் பிரித்ததே இல்லை.

இன்று பிரித்தேன். ஃபயரிங் பின் ஓடும் துளைக்குள் பழைய கிரீஸ் தார் மாதிரி கறுத்து இறுகிக் கிடந்தது, குச்சியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. சேம்பர் வாயிலும் ஒரு கறுப்பு வளையம். எட்டுத் தோட்டாவில் ஆறில் தடம் மேலோட்டமாக இருக்கிறது, இரண்டில் மட்டும் நல்ல ஆழம்.

மூன்றாவது லேன்:
அப்போ இரண்டு பக்கமும் குறை இருக்கிறது. போல்ட்டின் உள்ளே மறுபடி கிரீஸ் வைக்காதீர்கள், எண்ணெய் பட்டும் படாமலும் இருந்தால் போதும், குளிரில் அதுவும் கெட்டியாகிப் பின்னின் வேகத்தைக் குறைக்கும். ஃபயரிங் பின் நுனி மழுங்கியிருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு அதே லாட்டில் ஒரு பெட்டியை உங்கள் ரைஃபிளிலும் இன்னொரு பெட்டியை வேறொருவர் ரைஃபிளிலும் சுட்டுக் கணக்கு எழுதுங்கள்.

மழைத்தும்பி:
இடையில் ஒரு கேள்வி, நான் சுடுவது .308, .22-ஐவிடப் பெரிய ரகத் தோட்டா. வாங்கிய தோட்டாக்களின் கழுத்தில் (குண்டைப் பிடித்திருக்கும் குறுகிய பகுதியில்) நீலமும் பழுப்புமாகக் கறை இருக்கிறது. இதுவும் தரக்குறைவா?

பழைய போல்ட்:
இல்லை, அது நல்ல அடையாளம். கழுத்தைச் சூடாக்கிப் பித்தளையின் இறுக்கத்தைத் தளர்த்திய தடம் அது. சில தொழிற்சாலைகள் மெருகிட்டு அழித்துவிடும், ராணுவத் தோட்டாவில் அப்படியே விட்டிருப்பார்கள். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டாக்கள் 19-ஆம் நூற்றாண்டில் மழைக்காலத்தில் தானாகவே விரிசல் விட்டன. குதிரை லாயத்தில் சேமித்ததால் மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியா, இறுக்கம் தளராத பித்தளையைப் பிளந்தது என்று 1921-இல்தான் விளங்கியது. அதனால் அம்மோனியா கலந்த குழல் கிளீனர் பக்கத்தில் தோட்டாவை வைக்காதீர்கள். கறைக்குப் பதில் கழுத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, பிரைமர் அடிப்பகுதியைவிடத் துருத்தி நின்றாலோ அந்தத் தோட்டாவைச் சுட வேண்டாம்.

கழுகுப்பார்வை:
முடிவு வந்துவிட்டது. சுத்தம் செய்த பிறகு என் ரைஃபிளில் 50-க்கு இரண்டு வெடிக்கவில்லை, நண்பர் ரைஃபிளில் 50-க்கு ஒன்று, மூன்றிலும் தடம் ஆழம். லாட் எண்ணையும் தடங்களின் படத்தையும் தயாரிப்பாளருக்கு அனுப்பிவிட்டேன். வெடிக்காததை நாமாகத் தபாலில் அனுப்பக் கூடாது என்பதால் அவர்கள் சொல்லும் வரை தனியாகப் பூட்டி வைத்திருக்கிறேன். மீதி ஆறு பெட்டியை அதுவரை தொடப் போவதில்லை. போல்ட்டை மாதம் ஒருமுறை பிரிக்கிறேன் அண்ணா, இருவருக்கும் நன்றி.