ரோமானியரின் மீன் சாறு அழுகாமல் இருந்தது எப்படி?

கேள்வி: மீன் குடலை வாரக்கணக்கில் வெயிலில் ஊறவைத்துப் பண்டைய ரோமானியர்கள் எடுத்த ‘காரும்’ என்னும் சாறு, உண்ணத்தக்கதாக இருந்தது எப்படி?

பதில் 1: உப்புதான் காரணம். மீனையும் உப்பையும் தொட்டியில் அடுக்கடுக்காக இட்டதால், அழுகச் செய்யும் நுண்ணுயிரிகள் அடங்கிவிட, மீன் குடலிலுள்ள நொதிகள் புரதத்தைச் சிதைத்துச் சுவை மிகுந்த நீராக்கின. இதை அழுகல் என்பது பெரும் அநீதி.

பதில் 2: பண்டைய ரோமானிய நகரமான பொம்பெயியில் இத்தொழிலால் செழித்த உம்ப்ரிசியுஸ் ஸ்கௌருஸ், தம் வீட்டுத் தரையிலேயே காரும் குடுவைகளின் உருவங்களைச் சிறு கற்களால் பதித்திருந்தார், கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பல் மூடியதால் அவை நமக்குக் கிடைத்துள்ளன.

கேட்டவர்: மிக்க நன்றி. அவர்கள் டார்மவுஸ் உண்டதும் உண்மையா?

பதில் 1: உண்மைதான். காற்றுத் துளையிட்ட மண்சாடியில் அடைத்து, வால்நட் ஊட்டிக் கொழுக்கவைத்த அச்சிறு கொறிவிலங்கை, ஆடம்பரம் எனக் கருதி கி.மு. 115இல் சட்டமே தடைசெய்தது. ஆயினும் வழக்கம் நிற்கவில்லை.