பூசான் பேராசிரியர் வீடியோ: உங்களுக்குள் தங்கிப்போன கணம் எது?

வடகரை எழுதியது:

தென் கொரியாவின் பூசானில் பேராசிரியராக இருந்த ராபர்ட் கெல்லி, வீட்டிலிருந்து பிபிசிக்கு நேரலைப் பேட்டி கொடுக்கும்போது பிள்ளைகள் அறைக்குள் புகுந்துவிட்ட அந்த வீடியோதான். எல்லோரும் பார்த்தது என்பதால் கதையை முழுக்கத் திரும்பச் சொல்லவில்லை. 2017 மார்ச் 10, வெள்ளிக்கிழமை. நான் அப்போது பூசானில் ஒரு ஆய்வகத்தில் போஸ்ட்-டாக், அதாவது முனைவர் பட்டம் முடித்த ஆய்வாளர். அன்று காலை 11 மணிக்குத்தான் தென் கொரிய அரசியலமைப்பு நீதிமன்றம் அதிபர் பார்க் கன்-ஹேயின் பதவி நீக்க வழக்கில் தீர்ப்பு வாசித்தது. லேபில் ஒருவரும் வேலையைத் தொடவில்லை. எட்டு நீதிபதிகளுக்கும் ஒரே முடிவு, அதிபர் பதவி பறிபோனது என்று தெரிந்ததும் பக்கத்து மேசைக்காரர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமை தவறாமல் மெழுகுவத்தியோடு பூசானின் சொம்யோன் பகுதியில் நடந்த அதிபர் எதிர்ப்புக் கூட்டத்துக்குப் போனவர் அவர்.

கொரியாவில் அன்று காலைப் பேச்சே வேறு. பொறுப்புத் தலைமை நீதிபதி லீ ஜங்-மி காரிலிருந்து இறங்கியபோது பின்னந்தலையில் இரண்டு இளஞ்சிவப்பு ரோலர்கள் முடியோடு சுருட்டியபடியே இருந்தன. எடுக்க மறந்துவிட்டார். ஒரு நாட்டின் அதிபரை வீட்டுக்கு அனுப்பப் போகிற அம்மாவுக்கு எவ்வளவு அவசரம் இருந்திருக்கும்! அந்தப் படத்தைப் பார்த்து என் லேபில் இரண்டு பெண்கள் கண் கலங்கினார்கள்.

அப்புறம்தான், அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேச வந்த ராபர்ட் கெல்லியின் வீடியோ. எனக்கு அது பூசானிலிருந்து வரவில்லை, மதுரையில் இருக்கும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து வந்தது. "உங்க ஊர்தானே இது?" என்று பெரியப்பா மகன் கேட்டிருந்தான். கதவைத் திறந்துகொண்டு மஞ்சள் சட்டைப் பாப்பா தோளை ஆட்டி ஆட்டி வருகிறாள், பின்னாலேயே வாக்கரில் தம்பி, அதற்கும் பின்னால் சறுக்கிக்கொண்டு ஓடிவரும் ஒரு பெண். நான் எழுதிய பதில் இன்னும் என் போனில் இருக்கிறது: "பாவம், அந்த ஆயாவுக்கு இன்னைக்கு வேலை போச்சு."

அவர் பேராசிரியரின் மனைவி. கொரியாவில் குடியிருந்தவன் நான். எங்கள் மாடியிலேயே ஒரு கொரியப் பெண்ணும் அவருடைய வெள்ளைக்காரக் கணவரும் இருந்தார்கள், தினமும் லிஃப்டில் வணக்கம் சொல்வோம். அப்படியிருந்தும் "ஆயா" என்ற சொல் எப்படி யோசிக்காமல் என் விரலில் வந்தது? ஏழெட்டு வருடம் ஆகியும் இது என்னை விடவில்லை. அதைக் கேட்கத்தான் இந்த இழை.

---

செங்காந்தள் எழுதியது:

வடகரை தம்பி, நீங்கள் அதை எழுதியதே பெரிய விஷயம். நான் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஜெர்மனியில் இருக்கிறேன். கணவர் இந்த ஊர்க்காரர். மகள் அச்சு அசலாக அவர் நிறம். வீடியோ சுற்றிக்கொண்டிருந்த அந்த மார்ச் மாதத்தில்தான் இது நடந்தது. விளையாட்டுப் பூங்காவில் மணல் குழி ஓரம் உட்கார்ந்திருந்தேன். வயதான ஒரு பெண்மணி ரொம்ப அன்பாகப் பேச்சுக் கொடுத்தார். பேரனுக்கு ஆள் தேடுகிறார்களாம், செவ்வாய்க்கிழமை மதியம் எனக்கு ஒழியுமா, மணிக்கு எவ்வளவு வாங்குகிறேன் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மகள் கையெல்லாம் மணலோடு ஓடிவந்து "அம்மா" என்று மடியில் விழுந்தாள். நிம்மதியாக இருந்தது, இனி விளக்கம் சொல்ல வேண்டாமே என்று. அந்தப் பெண்மணி முகம் மலர்ந்து தலையாட்டினார். ஜெர்மனில் "அம்மே" என்றால் தாய்க்குப் பதிலாகப் பால் கொடுத்து வளர்க்கும் செவிலி. என் மகள் என்னை "அம்மா" என்றது அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது.

நான் திருத்தவில்லை. "செவ்வாய்க்கிழமை முடியாது" என்று மட்டும் சொன்னேன். ஏன் திருத்தவில்லை என்பதுதான் என்னைக் குடைகிறது.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். எல்லோரும் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். கடைசியில் பாருங்கள், இரண்டு பேரையும் வெளியே இழுத்துப் போட்ட பிறகு அந்த அம்மா தரையோடு தரையாகக் குனிந்து வந்து, எட்டிக் கதவைப் பிடித்துச் சாத்துகிறார். கேமராவில் தன் தலை விழக்கூடாது என்று நினைக்கிறார். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரின் பயம் என்று அதைப் படித்தவர்களுக்கு, கணவன் பேச்சு கெட்டுவிடக் கூடாது என்று பதறும் மனைவி தெரியவில்லை.

---

ரெண்டு பிள்ளை அப்பா எழுதியது:

இரண்டு பேரும் கோபப்படாமல் கேளுங்கள். பார்த்தவர்கள் எல்லோரும் மனதில் அழுக்கோடு பார்த்தார்கள் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. அவர் பதறிய வேகத்தைப் பார்த்து அப்படி நினைத்தவர்களும் உண்டு. என் மாமியாரும் ஆயா என்றுதான் நினைத்தார்கள், அவர்களுக்குக் கொரியாவும் தெரியாது, வெள்ளைக்காரரும் தெரியாது.

என்னை உறுத்துவது கெல்லியின் கை. கையை நீட்டி, திரும்பிப் பார்க்காமலே, பிள்ளையைப் பின்னால் தள்ளுகிறாரே, அது. எல்லோரும் சிரித்த அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2020 ஊரடங்கில் எனக்கு அதே நடந்தது. மேலதிகாரிகளோடு மீட்டிங். மகனுக்கு அப்போது நாலு வயது, வரைந்த படத்தைக் காட்ட வந்தான். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையால் தள்ளினேன். மெதுவாகத்தான் தள்ளினேன் என்று நினைத்தேன். பேப்பர் கிழிந்துவிட்டது. அவன் அழவில்லை. இரண்டு துண்டையும் எடுத்துச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே போனான். இன்றைக்கும் அவன் என் அறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறான். நல்ல பழக்கம் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் மெச்சுகிறார்கள்.

---

ஒலிவாங்கி எழுதியது:

ரெண்டு பிள்ளை அப்பா சார், உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் கெல்லியை அதில் சேர்க்காதீர்கள். நான் ஒரு செய்தி சேனலில் விருந்தினர் ஒருங்கிணைப்பாளராக இருந்தவள். வீட்டிலிருந்து பேசுகிறவரிடம் நாங்கள் முதலில் சொல்வதே "கேமராவை மட்டும் பாருங்க, கண்ணை எடுக்காதீங்க" என்பதுதான். அவர் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். அந்த அறையில் விளையாட்டுச் சாமானும் புத்தகமும் இருந்தன, மகள் பின்னால் உட்கார்ந்து விளையாடுவாள் என்று நினைத்ததாகப் பிறகு விளக்கினார். எழுந்திருக்காததற்குக் காரணம் கால்சட்டை போடாததுதான் என்று ஊரே பேசியது. ஜீன்ஸ் போட்டிருந்தேன் என்று அதற்கும் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மனைவி ஏன் தாமதமாக வந்தார் என்று கேட்கிறவர்களுக்கும் ஒன்று. அவர் ஹாலில் டிவியில் கணவரின் பேட்டியைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நேரலை என்றாலும் வீட்டு டிவிக்கு வர சில விநாடி பிந்தும். பிள்ளைகள் உள்ளே போனது அவர் திரையில் தெரிவதற்குள் அங்கே எல்லாம் நடந்துவிட்டது. வழக்கமாகப் பூட்டும் கதவை அன்று பூட்டவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் பிபிசி கேட்ட கேள்வி வட கொரியாவோடு உறவு மாறுமா என்பது. கெல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு அதற்கே திரும்பி வந்து பதில் சொன்னார். அந்தப் பதில் யாருக்காவது நினைவிருக்கிறதா? ஒரு துறையில் வருடக்கணக்காகப் படித்த மனிதருக்கு "பிபிசி டாட்" (பிபிசி அப்பா) என்று பேர் விழுந்ததுதான் மிச்சம். இனி எந்த டிவியும் கூப்பிடாது என்றே அவர் அப்போது நினைத்தாராம்.

என் கதை சின்னது. ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர், எங்கள் இரவு விவாதத்துக்கு அடிக்கடி ஸ்கைப்பில் வருவார். ஒருநாள் வரி பற்றிப் பேசும்போது அவருடைய தாயார், தொண்ணூறை நெருங்கியவர், பின்னால் மெல்ல நடந்து வந்து மாத்திரையும் தண்ணீர் டம்ளரும் நீட்டினார். அவர் பேச்சை நிறுத்தி, வாங்கிப் போட்டுக்கொண்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, தொடர்ந்தார். தொகுப்பாளர் சிரித்துவிட்டார். மறுநாள் காலை அந்தத் துண்டு, மேலே சிரிப்புச் சத்தம் சேர்த்து, எங்கள் பக்கத்தில் ஏறியிருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கெல்லியிடம் பிபிசி கேட்டது. பிள்ளைகளைப் பார்த்து ஊர் சிரிக்குமே என்று கெல்லி வீட்டார் தயங்கி, அப்புறம்தான் சரி என்றார்கள்.

அடுத்த வாரம் நான் கூப்பிட்டபோது பேராசிரியர் போனை எடுத்தார். "அம்மா அதைப் பார்த்துட்டாங்கம்மா" என்றார். அதற்குப் பிறகு எங்கள் நிகழ்ச்சிக்கு அவர் வரவேயில்லை.

---

கரும்பலகை எழுதியது:

நான் கல்லூரி ஆசிரியர், இப்போது ஓய்வு. 2020-இல் ஆன்லைன் வகுப்பு எடுக்கும்போது மைக் திறந்திருப்பது தெரியாமல் மனைவியை ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அறுபது மாணவர்கள் கேட்டார்கள். ஒருவனும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் என் கதை.

இப்படி நடக்காமல் இருக்க எளிய வழிகள் உண்டு, இளையவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் கதவு. தாழ்ப்பாள் போட்டால் மட்டும் போதாது, போட்ட பிறகு ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும், பழைய வீடுகளில் தாழ் பிடிக்காது. கதவு முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்காராதீர்கள். கெல்லி செய்த ஒரே தவறு அதுதான், கதவு பக்கவாட்டில் இருந்திருந்தால் உலகத்துக்கு எதுவும் தெரிந்திருக்காது. வெளிச்சம் முகத்துக்கு நேரே வரட்டும், ஜன்னல் பின்னால் இருந்தால் முகம் கருத்துத் தெரியும். லேப்டாப்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்த நாலு தடிப் புத்தகம் போதும். வீட்டில் இருப்பவர்களிடம் "மீட்டிங் இருக்கு" என்று சொன்னால் பயனில்லை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதிக் கதவில் ஒட்டுங்கள். குக்கர் வைக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளை இருந்தால் பேட்டிக்கு முன்னால் பத்து நிமிடம் அதோடு உட்கார்ந்து விளையாடிவிட்டுப் போங்கள், தேடி வராது. காலிங் பெல்லை அணைத்து வையுங்கள். மைக் மூடியிருக்கிறதா என்பதைச் சின்னத்தை மட்டும் நம்பாமல் எதிர்முனையில் இருப்பவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். பேசி முடித்ததும் லேப்டாப்பை மூடிவிட்டே எழுந்திருங்கள்.

---

செங்காந்தள் எழுதியது:

கரும்பலகை சார், வணக்கம். தாழ்ப்பாள் பற்றி யாரும் கேட்கவில்லையே. நீங்கள் மூன்று வரியில் தாண்டிப் போன இடத்தைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். அன்று சாயங்காலம் உங்கள் மனைவியிடம் என்ன சொன்னீர்கள்?

---

வடகரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒலிவாங்கி அக்கா, மாத்திரையும் டம்ளரும் எனக்கும் இனி மறக்காது.

ஒன்றை முதலில் எழுத விட்டுவிட்டேன். அடுத்த புதன்கிழமை, மார்ச் 15, கெல்லி தன் பல்கலைக்கழகத்தில் குடும்பத்தோடு செய்தியாளர்களைச் சந்தித்தார். அன்று இரவு வழக்கமான துவேஜி குக்பாப் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பன்றிக் கறிச் சூப்பில் சோறு போட்டுத் தருவார்கள், பூசானில் தெருவுக்குத் தெரு இருக்கும். கடைக்கார அம்மாவை எல்லோரும் "இமோ" என்றுதான் கூப்பிடுவோம், தாயோடு பிறந்தவள் என்று அர்த்தம். சுவரில் டிவி ஓடியது. நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், சின்னவன் மடியில், பாப்பா வாயில் குச்சி மிட்டாய். இமோ கரண்டியைச் சட்டியிலேயே நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு வாரம் நான் படித்த எந்தச் செய்தியும் அவர் படித்திருக்க மாட்டார்.

"மகள் அம்மா ஜாடை அப்படியே" என்றார். என் கிண்ணத்தில் சூப்பை ஊற்றினார்.