பென் ஷானின் ‘சுரங்கத் தொழிலாளர் மனைவியர்’: பார்த்தவர்களின் அனுபவங்கள்

செந்தில்வேலன்:
அமெரிக்க ஓவியர் பென் ஷானின் இந்த ஓவியத்தைப் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் பார்த்தவர்கள் பலரும் முன்னால் நிற்கும் பெண்ணின் முகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். என்னை இன்றுவரை விடாதவை அவளுடைய கைகள். உடலுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக, ஒன்றையொன்று இறுகப் பற்றிய அந்தக் கைகளில்தான் அவள் அழாத அழுகையெல்லாம் அடைபட்டிருக்கிறது. பின்னால் முதியவள் ஒருத்தி குழந்தையோடு அமர்ந்திருக்கிறாள். வாசலுக்கு அப்பால் முதுகைக் காட்டிக்கொண்டு போகும் இருவரும், சாவுச் செய்தியைச் சொல்லிவிட்டு நழுவும் சுரங்கக் கம்பெனிக்காரர்கள் என்றே எனக்குப் பட்டது.

மங்கையர்க்கரசி:
அப்படி முடிவு கட்டிவிட முடியாது, ஐயா. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு, அதற்குமேல் அங்கே நிற்க மனம் வராத சக தொழிலாளர்களாகவும் அவர்கள் இருக்கலாம். என் கண் போனது மேலே தொங்கும் துணிகளின் மீது. இல்லினாய் மாநிலத்துச் சென்ட்ரேலியாவின் 5ஆம் எண் சுரங்கத்தில் 1947 மார்ச் 25 அன்று நிலக்கரித் தூசி வெடித்தபோது, மனைவியர் குளியலறைக் கட்டடத்தில், அவரவர் கணவர் காலையில் மாட்டிவிட்டுப் போன உடைகளின் கீழேதான் காத்திருந்தார்கள். அதைப் படித்திருந்ததால் ஓவியத்தின் முன் என்னால் நெடுநேரம் நிற்க முடியவில்லை. 111 பேர் திரும்பவில்லை.

இளம்பரிதி:
நான் அச்சுப்படியில் மட்டுமே பார்த்திருக்கிறேன்; அந்தச் செங்கல் சுவர் மூச்சை அடைத்தது. ஆனால் அந்த இருவர் யார் என்று வாதிடுவதற்கு முன் நீங்கள் இருவரும் வரலாற்றைப் படிப்பது நல்லது. சுரங்கத்தில் தூசி மண்டிக் கிடக்கிறது என்று அரசுச் சுரங்க ஆய்வாளர் டிரிஸ்கால் ஸ்கேன்லன் ஆண்டுக்கணக்கில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். 1946 மார்ச்சில் தொழிற்சங்கத்தார் நால்வர், தங்கள் உயிரைக் காப்பாற்றும்படி ஆளுநர் டுவைட் கிரீனுக்குக் கடிதம் எழுதினார்கள். கையெழுத்திட்ட நால்வரில் மூவர் அந்த வெடிப்பிலேயே மாண்டார்கள். நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் 1,000 டாலர். 1948இல் ஹார்ப்பர்ஸ் இதழில் இந்த விபத்தைப் பற்றி வந்த நீண்ட கட்டுரைக்கு ஷான் வரைந்த கோட்டோவியங்களை முதலில் பாருங்கள். அதன்பின் ஓவியத்துக்கு வந்தால், அதில் வெடிப்போ பிணமோ ஏன் இல்லை என்பது விளங்கும். அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் கைப்பேசியில் படம் எடுப்பதை விட்டுவிட்டு, முதலில் தள்ளி நின்றும் பிறகு நெருங்கியும் பார்க்க வேண்டும்.

செந்தில்வேலன்:
அறிக்கை, கடிதம், அபராதம் என்று நீங்கள் அடுக்கியதைப் படித்த பிறகு, அந்த முதுகுகள் கம்பெனிக்காரர்களுடையவை என்ற என் எண்ணம் வலுத்திருக்கிறதே தவிரக் குறையவில்லை.