புதுப்பிப்பு: பி அண்ட் ஜி ஆட்குறைப்பு பாகிஸ்தானில்

ஏரியல், பாம்பர்ஸ், ஜில்லெட் விற்கும் அமெரிக்க நிறுவனமான பி அண்ட் ஜி (ப்ராக்டர் அண்ட் கேம்பிள்) உலகம் முழுக்க 7,000 அலுவலகப் பணியிடங்களைக் குறைக்கப் போவதாக 2025 ஜூனில் சொன்னதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். எந்த நாட்டுக்கு அடி விழும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அக்டோபரில் ஒரு பதில் வந்தது: பாகிஸ்தான். 1991-இல் நுழைந்த நிறுவனம் அங்கே உற்பத்தி, விற்பனை இரண்டையும் மூடப் போவதாகச் சொன்னது. அதன் கிளை நிறுவனமான ஜில்லெட் பாகிஸ்தானும் சேர்த்துத்தான்.

சரக்கு நிற்காது. வெளி விநியோகஸ்தர் மூலம் வரும். கராச்சி மளிகைக் கடையில் ஏரியல், பாம்பர்ஸ் பாக்கெட்டுகள் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆட்கள்தான் இருக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் நைஜீரியாவுக்கும் இதே வைத்தியம்தான்: இனி இறக்குமதி மட்டும் என்றார்கள்.

ஊழியர்களுக்கு வெளிநாட்டுக் கிளைகளில் வேலை, இல்லாவிட்டால் விலகல் தொகையாம். முதலாவது மேனேஜர்களுக்குச் சரி. மெஷின் ஓட்டுபவரை எந்த நாட்டுக்கு அழைப்பார்கள்? மூடி முடிக்கப் பல மாதங்கள் ஆகும் என்று அப்போது சொன்னார்கள்.