திருகோணமலைக் கடலில் பச்சை லேசர்: அடி தெரியும் இடமும் தெரியாத இடமும்

நிலாவெளியான்:
புறாத்தீவுப் பக்கம் லைடார் (லேசர் ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தால் ஆழம் அளக்கும் கருவி) பறக்க விடுமுன் படகில் போய்த் தண்ணீரைப் பாருங்கள். 30 செ.மீ. வெள்ளைத் தட்டு, மீட்டர் குறித்த கயிறு போதும். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். ட்ரோனில் பூட்டும் சிறிய கருவி பெரும்பாலும் அதன் ஒன்றரை மடங்கோடு நின்றுவிடும். விமானத்தில் பூட்டும் பெரிய கருவிகளில் சில மூன்று மடங்கு வரை போகும். கையேட்டில் போட்டிருக்கும் ஆழம் தெளிந்த நீருக்கானது, அதை நம்பி விலை பேசாதீர்கள். வாடை நாட்களில் பறப்பது காசைக் கடலில் போடுவதுதான். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, காற்று எழும்ப முன் காலையில் முடித்துவிட வேண்டும். பாறையில் நுரை அடிக்கும் இடம் அப்போதும் வெற்றாகவே வரும்.

மூதூரான்:
கொட்டியாரக்குடா வேறு கதை. மகாவலி வாயில் கலங்கல், வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு. இரண்டிலும் 532 நானோமீட்டர் பச்சை ஒளி திரும்பி வராது. அங்கே படகில் மல்டிபீம் சோனார்தான் (பல ஒலிக்கற்றைகளால் ஆழம் அளக்கும் கருவி) வழி. புள்ளி கிடைக்காமல் ஓட்டை விழுந்த இடத்தை மென்பொருள் வழவழவென்று நிரப்பித் தரும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது கடலடி அல்ல. ஓட்டையை ஓட்டையாகவே விட்டுக் கொடுங்கள்.

கிண்ணியாத் தம்பி:
அண்ணை, சோனாரோடு ஒப்பிட்டால் லைடார் ஆழம் எல்லா இடத்திலும் கூடுதலாக வருகுதே?

நிலாவெளியான்:
தம்பி, ஒளிவிலகல் திருத்தம் போடப்படவில்லை. நீரில் ஒளி 1.33 மடங்கு மெதுவாகப் போகும், திசையும் வளையும்: செங்குத்திலிருந்து 20 பாகையில் விழும் கற்றை உள்ளே ஏறத்தாழ 15 பாகை. திருத்தாவிட்டால் 3 மீட்டர் ஆழம் 3.9 ஆகத் தெரியும், பக்கவாட்டிலும் அரை மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். மொத்தத்தையும் ஒரே அளவால் கழித்துச் சரிக்கட்டாதே. நீர்ப்பரப்பில் பட்ட புள்ளிகளை முதலில் தனியாக வகைப்படுத்து, பிறகு திருத்தத்தை ஓட்டு. முழங்காலுக்குக் கீழான நீரில் பரப்பின் எதிரொலியும் அடியின் எதிரொலியும் ஒட்டிக்கொள்ளும், அங்கே கம்பும் ஜிபிஎஸ்ஸும்தான்.

மூதூரான்:
உயரத்தையும் பாருங்கள். இலங்கையைச் சுற்றி ஜியோய்டு, அதாவது புவியீர்ப்பால் அமையும் சராசரிக் கடல்மட்டப் பரப்பு, மிகவும் தாழ்வு. ஜிபிஎஸ் தரும் நீள்வட்டக உயரம் (பூமியின் வடிவத்துக்கு வைத்த கணித நீள்வட்டகத்திலிருந்து அளப்பது) கடற்கரையில் மைனஸ் 90 மீட்டருக்கும் கீழே நிற்கும். கருவி பழுதென்று பயந்து திருப்பி அனுப்ப வேண்டாம், ஜியோய்டு மாதிரியை ஏற்றினால் சரியாகும்.

கண்டல் காட்டுக்குள் தரைப் புள்ளி (லேசர் தரையில் பட்டுத் திரும்பும் புள்ளி) மிகக் குறைவாகவே கிடைக்கும். பறப்புக் கோடுகளைப் பாதிக்குப் பாதி மேற்பொருத்தினால் இலை இடுக்கால் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். பனங்காட்டில் இந்தத் தொல்லை இல்லை.

அனுமதியை முதலிலேயே தொடங்குங்கள். சீனக்குடா விமானப்படைத் தளமும் கடற்படைத் தளமும் பக்கத்தில் இருப்பதால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையோடு பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் வேண்டும்.