புதுப்பிப்பு: 13 வயசு மகனுக்குத் தமிழ் நாவல் கேட்டிருந்தன்

தமிழ்ல நல்லாக் கதைப்பான், வாசிக்கச் சொன்னா மட்டும் ஓடிடுவான், அப்பிடிப்பட்ட என்ர மகனுக்கு என்ன நாவல் குடுக்கலாமெண்டு போன மாசம் கேட்டிருந்தன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

கனபேர் சொன்ன பொன்னியின் செல்வனைத்தான் முதல்ல குடுத்தது. வந்தியத்தேவன் குதிரையில வரேக்க சந்தோசமாத்தான் வாசிச்சவன், பிறகு பேர்களும் உறவுமுறையும் கூடக் கூட ஆள் சோர்ந்திட்டான், அஞ்சு பாகம் எண்டதும் மூடியே வச்சிட்டான். இப்ப அதை அம்மம்மா வாசிக்கிறா.

சரிவந்தது மார்ட்டின் விக்கிரமசிங்கவின்ர மடோல் தூவ, அதைச் சொன்ன அண்ணைக்கு ஸ்பெஷல் தேங்ஸ். 1947ல வந்த சிங்கள நாவல், தமிழ் மொழிபெயர்ப்பு வெள்ளவத்தையில கிடைச்சுது. உபாலியும் ஜின்னாவும் செய்யிற குழப்படி, பிறகு வீட்டை விட்டு ஓடிப்போய் ஒரு தீவில தோட்டம் செய்யிறது எண்டு போகுது, ஃபோனையும் தள்ளி வச்சிட்டு தானா வாசிச்சு முடிச்சான். மெல்லிய புத்தகம் எண்டதும் ஒரு காரணம், இந்த வயசுக்குத் தேடுறவை தடிப்பையும் ஒருக்கா பாருங்கோ.

எதிர்பாராத விஷயம், இப்ப சிங்களப் புத்தகமும் வேணுமாம். ஸ்கூல்ல இரண்டாம் மொழியா படிக்கிறதால எழுத்துக்கூட்டியாவது வாசிப்பன் எண்டுறான். கதையில வாற தீவு இருக்கிற கொக்கல வாவிக்கும் கூட்டிக்கொண்டு போகட்டாம், லீவு வரட்டும் பாப்பம்.