அப்பல்லோ பீச்சில் வாடகை வீடு, வெள்ளி இரவு புயல்: வியாழனுக்குள் என்னென்ன முடிக்கணும்?

புதுக்குடித்தனம் (செவ்வாய் காலை)

ஃப்ளோரிடா, டாம்பா விரிகுடா ஓரம் அப்பல்லோ பீச். ஒரே தளம், கான்கிரீட் பிளாக் சுவர், ஷிங்கிள் கூரை, இரண்டு கார் நிற்கும் கராஜ். ஜன்னல்கள் சாதாரணக் கண்ணாடி, ஷட்டர் இல்லை. பின்னால் லனாய்க்கு (கூரை போட்ட பின்கட்டுத் தாழ்வாரம்) போக 6 அடி சறுக்குக் கதவு. நாங்க ரெண்டு பேர், ஆறு வயசுப் பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார். மாமனார் இன்சுலின் போடுகிறவர். ஒரு கார் டெஸ்லா, இன்னொன்று பெட்ரோல்.

புயல் பாதையைக் காட்டும் கூம்புப் படத்தில் நடுக்கோடு எங்களுக்கு 70 மைல் வடக்கே கரையைக் கடப்பதாகக் காட்டுது. தள்ளித்தானே போகுது, வீட்டிலேயே இருந்துடலாமா? இருந்தால் பிளைவுட், மணல் மூட்டை, ஜெனரேட்டர் மூன்றில் எதை முதலில் வாங்கணும்?

ஈரக்காற்று

கோடு வடக்கே போகுதுங்கிறதுதான் உங்களுக்குக் கெட்ட செய்தி. இந்தப் பக்கப் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுத்தும். புயலின் கண் (நடுப்பகுதி) உங்களுக்கு வடக்கே கடந்தா, உங்க தலைக்கு மேல காத்து தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும். மெக்சிகோ வளைகுடாத் தண்ணியை டாம்பா விரிகுடாவுக்குள்ள தள்ளும். தெற்கே கடந்தா காத்து நிலத்திலிருந்து கடலுக்கு வீசி, இருக்கிற தண்ணியையும் உறிஞ்சி வெளியே இழுக்கும். டாம்பா விரிகுடாவின் சராசரி ஆழமே சுமார் 12 அடிதான். உள்ளே வந்த தண்ணிக்கு அடியில் இடமில்லை, ஊருக்குள்ளதான் ஏறணும்.

2022இல் இயன் புயல் தெற்கே காயோ கோஸ்டாவில் கடந்தது. விரிகுடாவின் தரை தெரிஞ்சது, ஜனங்க இறங்கி நடந்தாங்க. 2024 செப்டம்பர் 26 ஹெலீன் நேர் எதிர்: கண் இங்கிருந்து 100 மைலுக்கு மேல் தள்ளியே போய் வடக்கே பெர்ரி பக்கம் கடந்தது, ஆனா இங்கே கடல் 6 அடிக்கு மேல் ஏறியது. ரெண்டே வாரம் கழிச்சு மில்டன் தெற்கே சியெஸ்டா கீயில் கடந்தபோது மறுபடியும் தண்ணி வெளியே போச்சு. அந்தத் தடவை அடிச்சது மழையும் காத்தும். கடக்கிற இடம் 30 மைல் இப்படி அப்படி நகர்ந்தாலே கதை மாறிடும். மூணு நாள் முன்னாடி அந்த 30 மைலை யாராலும் சொல்ல முடியாது.

அந்தக் கூம்புப் படத்தை எல்லாரும் தப்பாவே படிக்கிறோம். கண்ணின் மையம் எங்கே போகலாம்னுதான் அது சொல்லுது, அதுவும் மூணில் ரெண்டு தடவைதான் உள்ளே இருக்கும். காத்து எவ்வளவு அகலம், தண்ணி எவ்வளவு உயரம், ரெண்டுமே அதில் கிடையாது. கேட்டகரி 2, 3 என்பதும் காற்று வேகத்துக்கான எண் மட்டும்.

நீங்க பார்க்க வேண்டியது மூணு. ஒண்ணு, ஹில்ஸ்பரோ கவுண்டி தளத்தில் முகவரி போட்டு வெளியேற்ற மண்டலம். ஏ முதல் ஈ வரை. ஏ-தான் முதலில் காலி பண்ணச் சொல்றது. அப்பல்லோ பீச்சில் பெரும்பகுதி ஏ. வெள்ளக் காப்பீட்டுக்கான ஏஈ, எக்ஸ் மண்டலங்கள் வேறு கணக்கு, அதைப் பார்த்து நிம்மதி அடைஞ்சுடாதீங்க. ரெண்டு, தேசியப் புயல் மையம் போடும் கடல் ஏற்ற வரைபடம். மூணு, அதே மையத்தின் 'புயற்காற்று எப்போது வந்து சேரும்' படம். கரையைக் கடக்கும் நேரம் வெள்ளி இரவுன்னாலும் 39 மைல் வேகக் காத்து வெள்ளி விடியக்காலையே வந்துடும். ஏணியில் நிற்கிறதும் பாலம் ஏறுறதும் அதுக்கு முன்னாடி முடியணும். அந்தப் படத்தில் 'மிகச் சீக்கிரம்னா எப்போ' என்கிற நேரத்தைத்தான் உங்க கெடுவா வெச்சுக்கணும்.

என் தீர்ப்பு: மண்டலம் ஏ-ன்னு வந்தா புதன் மாலை, அதைத் தவறவிட்டா வியாழன் காலை கிளம்புங்க. அட்லாண்டா வரைக்கும் ஓட வேண்டாம். ஐ-75இல் வண்டிகளோட வண்டியா மணிக்கணக்கில் நின்னு, பெட்ரோல் தீர்ந்து, வயசானவங்களோட ரோட்டோரம் நிக்கிறதுதான் அதில் நடக்கிறது. காத்துக்கு ஒளியலாம், தண்ணியிடமிருந்துதான் ஓடணும். 15–20 மைல் உள்ளே பிராண்டன், வால்ரிக்கோ பக்கம் எந்த மண்டலத்திலும் சேராத, 2002க்குப் பிறகு புதுக் கட்டட விதிப்படி கட்டிய நண்பர் வீடு போதும். அலஃபியா ஆற்றோரம் மட்டும் வேண்டாம், மழைத் தண்ணி ரெண்டு நாள் கழிச்சும் அங்கே ஏறும். யாருமில்லைன்னா பள்ளிக்கூட முகாம். கட்டில் இருக்கும்னு நினைக்காம பாய், போர்வை, மாமனாருக்கு மடக்கு நாற்காலி கொண்டுபோங்க.

ஆணியும் சுத்தியும்

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். கிளம்பினாலும் ஜன்னலை மூடிட்டுப் போறது நல்லது. வாடகை வீடு என்பதால் சுவரில் துளை போட வீட்டுக்காரரிடம் இன்றைக்கே எழுத்தில் சம்மதம் வாங்குங்க. கராஜ் பரணில் பழைய அலுமினிய ஷட்டர் பலகை கிடக்குதான்னும் கேளுங்க. பல வீட்டில் இருக்கும், குடியிருக்கிறவங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க.

பிளைவுட்னா 5/8 அங்குல கனம். மெலிசா வாங்கினா பறந்து வரும் ஓடு துளைச்சிடும். ஜன்னலைவிட நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலா வெட்டுங்க. ஸ்க்ரூ அந்த 4 அங்குலப் பட்டையின் நடுவில் வரணும். பிளாக்கின் ஓரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் துளை போட்டா மூலை பிளந்துடும். 12 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ. கான்கிரீட்டுக்கான டாப்கான் நீல ஸ்க்ரூ, கால் அங்குலத் தடிமன், 2¾ அங்குல நீளம். பலகை 5/8, மேல்பூச்சு ஸ்டக்கோ அதே அளவு, மிச்சம் ஒன்றரை அங்குலம் பிளாக்குக்குள் போகும். ஸ்டக்கோவை மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஸ்க்ரூ முதல் வீச்சிலேயே பூச்சோட பெயர்ந்து வரும். துளைக்கு 3/16 அங்குல மேசன்ரி பிட், ஹேமர் டிரில். சாதாரண டிரில்லில் முதல் ஜன்னல் முடியுறதுக்குள்ள பிட் மழுங்கிடும். துளையைக் கால் அங்குலம் கூடுதல் ஆழமாப் போட்டு, உள்ளே இருக்கும் மாவை ஊதி எடுங்க; மாவு அடைச்சிருந்தா ஸ்க்ரூ பாதியில் நின்னு தலை ஒடியும். கடைசி இறுக்கு மெதுவா. அதிகமாச் சுத்தினா பிளாக்கில் மரை அழிஞ்சு சும்மா சுத்தும்; அப்படி ஆனா ஒரு அங்குலத்துக்கு மேல் தள்ளிப் புதுத் துளைதான்.

சறுக்குக் கதவுக்கு ரெண்டு ஷீட், சேரும் இடத்தில் பின்னால் 2x4 அங்குலக் கட்டை வெச்சு ரெண்டையும் அதோட முடுக்கணும். ஒரு ஷீட் 50 பவுண்டுக்கு மேல், காத்தில் ஒருத்தரால் பிடிக்க முடியாது. ஒவ்வொரு பலகையிலும் எந்த ஜன்னல், எது மேல்பக்கம்னு மார்க்கரில் எழுதுங்க, அடுத்த வருஷம் கும்பிடுவீங்க.

கண்ணாடியில் எக்ஸ் மாதிரி டேப் ஒட்டுறது வீண். கண்ணாடி உடையாம இருக்காது, பெரிய துண்டா விழும், அவ்வளவுதான். 'அழுத்தம் சமமாகட்டும்'னு ஜன்னலைத் திறந்து வைக்கிறது அதைவிட மோசம்.

யாரும் கவனிக்காதது கராஜ் கதவு. வீட்டிலேயே பெரிய ஓட்டை அதுதான். அது உள்ளே மடங்கினா காத்து புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும், கூரைக்கு மேலே வீசும் காத்தும் அதே திசையில் இழுக்கும். கதவின் உள்பக்கம் காற்றுத்தாங்கு அளவு எழுதின ஸ்டிக்கர் தேடுங்க. இல்லைன்னா, ஹோம் டிப்போ, லோஸில் கிடைக்கும் செங்குத்துத் தாங்கு கம்பி செட் போடணும். மேலே சட்டத்திலும் கீழே தரையிலும் பிடிக்கிற மாதிரி. போட்ட பிறகு மோட்டார் பட்டனை அமுக்கிடாதீங்க, பிளக்கைப் பிடுங்கி வையுங்க.

மணல் மூட்டை? நாலைந்து அங்குல மழைத்தண்ணிக்குச் சரி. பாதிக்குமேல் நிரப்பாம, வாயை மடிச்சு அடியில் செருகி, கதவோரம் பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு அதுமேல செங்கல் மாதிரி மாத்தி மாத்தி அடுக்கி மிதிங்க. 5 அடி கடலுக்கு மணல் மூட்டை அடுக்கி முதுகை ஒடிச்சுக்காதீங்க.

புதுக்குடித்தனம்

பார்த்துட்டேன், மண்டலம் ஏ. வால்ரிக்கோவில் நண்பர் வீடு இருக்கு, புதன் ராத்திரியே போறோம். அங்கே ஒன்பது பேர் ஆகிடுவோம். கரண்ட் ஒரு வாரம் இருக்காதுன்னு வெச்சுக்கிட்டா சாப்பாடு, தண்ணி, இன்சுலின்? நண்பரிடம் 2,200 வாட் ஜெனரேட்டர் இருக்கு.

புளிக்காய்ச்சல்

தண்ணி: ஆளுக்கு நாளைக்கு ஒரு கேலன், ஒன்பது பேர், ஏழு நாள், 63 கேலன். கடையில் கேன் இல்லைன்னு பதறாதீங்க, குழாய்த் தண்ணி இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு. குக்கர், அண்டா, சோறு வடிக்கும் பாத்திரம் எல்லாம் கழுவிப் பிடிச்சு மூடி வையுங்க. குளியல் தொட்டி டாய்லெட்டுக்கு மட்டும். தொட்டியின் அடைப்பான் ராத்திரியோட ராத்திரியா கசிஞ்சு காலையில் காலியாக் கிடக்கும். கனமான பிளாஸ்டிக் கவரை அதுமேல விரிச்சு நிரப்புங்க.

சாப்பாடு: இங்கே பெரும்பாலும் கரண்ட் அடுப்பு, கரண்ட் போனா சுடுதண்ணிகூடக் கிடையாது. அடுப்பே வேண்டாத பட்டியல் முதலில்: கெட்டி அவல் ஊறவெச்சா போதும், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு, பொட்டுக்கடலை, கடலைமிட்டாய், பிரெட், டின் கடலை. தொக்கில் எண்ணெய் மேலே மிதக்கிற அளவு ஊத்துங்க, ஈரக் கரண்டி போடாதீங்க. இட்லி மாவு இருந்தா நாளைக்கே மொத்தமும் ஊத்தி எடுத்து ஃப்ரீசரில் அடுக்குங்க. மாவா வெச்சா இந்த வெக்கையில் ஒரே ராத்திரியில் பொங்கி ஃப்ரிட்ஜ் தட்டெல்லாம் வழியும்; இட்லியா வெச்சா அதுவே ஐஸ்கட்டி வேலையும் பார்க்கும். ஒற்றை பர்னர் பியூட்டேன் அடுப்பு வாங்கினா புயல் ஓய்ஞ்ச பிறகு வெளியே வெச்சுத்தான் மூட்டணும். சாதம், பருப்பு ரெண்டையும் ஒரே குக்கரில் அடுக்கினா கேஸ் பாதி மிச்சம்.

ஃப்ரிட்ஜ் திறக்காம இருந்தா 4 மணி நேரம், நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பினது 24. காலியிடத்தில் ஜிப் கவரில் தண்ணி ஊத்தி உறைய வைங்க. ஒரு கப் தண்ணியை உறையவெச்சு அதுமேல ஒரு குவார்ட்டர் காசு. திரும்பி வந்து பார்க்கும்போது காசு அடியில் கிடந்தா நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைஞ்சிருக்கு. வாசனை நல்லா இருந்தாலும் தூக்கிப் போட்டுடுங்க.

ஜெனரேட்டர்: 2,200 வாட் வீடு முழுக்கக் குளிர்விக்கும் ஏ.சி.க்குக் காணாது, ஃப்ரிட்ஜ், விளக்கு, ஃபேன், போன் ஓடும். ஃப்ரிட்ஜ் ஓடும்போது 200 வாட்தான், ஆனா கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் ஆயிரத்தைத் தாண்டும். அதனால் முதலில் ஃப்ரிட்ஜ், அது நிலைச்ச பிறகு மத்ததைச் சொருகுங்க. வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, புகைக்குழாய் ஜன்னலுக்கு எதிர்த்திசையில். கராஜில் கதவைத் திறந்து வெச்சுக்கூட ஓட்டாதீங்க. மழைன்னு லனாய்க்குள்ள இழுக்கவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்கினவங்க எழுந்திருக்க மாட்டாங்க. பேட்டரி அலாரம் ஒன்று படுக்கும் அறைப் பக்கம் வைங்க. இரண்டு முனையும் ஆண் பிளக் வெச்ச ஒயரில் சுவருக்கே கரண்ட் கொடுக்கும் ஊர்த் தந்திரம் வேண்டவே வேண்டாம். தெருக் கம்பியில் ஏறிச் சரிசெய்யும் லைன்மேன் மேல அது பாயும்.

இன்சுலின்: பிரிக்காததை முடிஞ்சவரை குளிரில் வைங்க. பெரும்பாலான பேனா, குப்பிகள் 86 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் வெளியே 28 நாள் தாங்கும், அந்தந்த மருந்தின் தாளில் எத்தனை நாள்னு பாருங்க. ஐஸ் மேல நேரா வைக்காதீங்க, உறைஞ்ச இன்சுலின் குப்பைக்குத்தான். துண்டில் சுத்தி ஐஸ் பெட்டியின் மேல்தட்டில். ஈர மணல் பானை யோசனையை வாட்ஸ்ஆப்பில் அனுப்புவாங்க. வறண்ட ஊரில் அது வேலை செய்யும், ஃப்ளோரிடா ஈரக் காத்தில் தண்ணி ஆவியானாத்தானே குளிரும்? சர்க்கரை பார்க்கும் பட்டை, ஊசி, ரெண்டு வாரத்துக்கு எண்ணி எடுங்க. உங்க ரெண்டு பேர் மாத்திரைக்கு: எச்சரிக்கை அறிவிச்சா 30 நாள் மருந்தை முன்கூட்டியே வாங்க இந்த மாநிலத்தில் சட்டமே இருக்கு. மாமனார் ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்துக்கு அது உதவாது, குறைவா இருந்தா நாளைக்கே டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கணும்.

உப்புத்தண்ணி

விட்டுப்போனது ரெண்டு மூணு.

டெஸ்லாவை அங்கே கராஜில் விட்டுட்டு வராதீங்க. உப்புத்தண்ணி ஏறின லித்தியம் பேட்டரி, தண்ணி வடிஞ்சு நாள் கழிச்சும் தீப்பிடிக்கும், இயனுக்கும் ஹெலீனுக்கும் பிறகு இங்கே நடந்தது. கராஜில் பிடிச்சா வீடும் போகும். முழுசா சார்ஜ் ஏத்தி மேட்டுக்கு ஓட்டிடுங்க. பெட்ரோல் கார் டேங்க் இன்னைக்கே நிரப்புங்க, நாளைக்கு வரிசை.

காப்பீடு: வாடகையாளர் பாலிசியில் வெள்ளம் சேராது. அரசு வெள்ளப் பாலிசி வாடகைக்காரங்களும் சாமான்களுக்கு எடுக்கலாம், ஆனா 30 நாள் காத்திருப்பு, இந்தப் புயலுக்கு இல்லை. கார் பாலிசியில் காம்ப்ரிஹென்சிவ் (மோதல் அல்லாத சேதத்துக்கான பிரிவு) இருந்தா வெள்ளச் சேதம் உண்டு. எதுக்கும் கிளம்பும் முன் ஒவ்வொரு அறையையும் அலமாரி திறந்து வீடியோ எடுங்க, டிவி பின்னால் இருக்கும் சீரியல் நம்பர் உட்பட.

காகிதம்: ஐந்து பாஸ்போர்ட், ஐ-797 (விசா ஒப்புதல் தாள்) அசல், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) அச்சு, பையனின் பிறப்புச் சான்று, பெரியவங்களின் பயணக் காப்பீடு. ஜிப் கவருக்குள் ஜிப் கவர். பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் பாக்கி இருக்கிறவங்களுக்கு ஐ-797 நனைஞ்சா மறுபடி வாங்க மாசக்கணக்காகும்.

புதுக்குடித்தனம்

நன்றி. வீட்டை விட்டுக் கிளம்பும் கடைசி அரை மணி நேரத்தில் என்ன செய்யணும்? லனாயில் கருவேப்பிலைத் தொட்டி நாலு, பார்பெக்யூ, சைக்கிள்.

ஆணியும் சுத்தியும்

தொட்டியும் சைக்கிளும் வீட்டுக்குள்ள. பார்பெக்யூ கராஜில், சிலிண்டரைக் கழட்டி வெளியே நிமிர்த்தி வெச்சு, கம்பத்தோட கட்டுங்க. வீட்டுக்குள்ள சிலிண்டர் கூடாது. தரையில் இருக்கிறதைக் கட்டிலுக்கும் கிச்சன் மேடைக்கும் ஏத்துங்க. துணி துவைக்கும் மெஷினின் தண்ணிக் குழாயை அடைங்க. எல்லா உள் அறைக் கதவையும் சாத்துங்க, ஒரு ஜன்னல் போனாலும் காத்து அந்த அறையோட நிக்கும்.

ஃப்ரீசரில் இருப்பதை ஐஸ் பெட்டியில் எடுத்துட்டு, கடைசியா மெயின் பிரேக்கரை இறக்குங்க. ஏ மண்டலத்தில் ஃப்ரிட்ஜைக் காப்பாத்துறதைவிட, உப்புத்தண்ணி பிளக்கைத் தொடும்போது உள்ளே கரண்ட் இல்லாம இருக்கணும். திரும்பி வந்ததும் அவசரப்பட்டு ஏத்தாதீங்க. சுவரில் தண்ணி வந்த கோடு பிளக் பாயிண்ட்டுக்கு மேல தெரிஞ்சா, எலக்ட்ரீஷியன் பார்க்கிற வரைக்கும் அந்தப் பிரேக்கர் இறங்கியே இருக்கட்டும்.